வேதகிரி சார் எழுதிய முடிவுகள்

முதலில் ஒரு விடுகதை. ஒரு படத்தின் கதையைச் சொல்லும் புத்தகம், அந்தப் படம் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பே கடைக்கு வந்துவிடுகிறது. எழுதியவர் படத்தைப் பார்த்ததில்லை. பொய்யும் சொல்லவில்லை. அது எப்படி?

என் சிறுவர் பக்கத்துக்கு விடுகதை அனுப்பும் பிள்ளைகளுக்கு விடையைத் தலைகீழாக அச்சிடுவோம். உங்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்னால் தயாரான திரைக்கதையை வாங்கி, அதைப் பார்த்து அவர் நாவல் எழுதுகிறார். அதன் பிறகு படத்தில் எது மாறினாலும் அவருக்கு யாரும் சொல்வதில்லை. இந்தத் தொழிலின் துன்பங்கள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

நான் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், முப்பது ஆண்டுகள் ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கங்களைப் பார்த்தவள். அதே வேலையில் தேய்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதிர்ப் பலகையில் ஒரு கட்டம் கூடிவிட்டால் மூட்டையாகக் கடிதம் வரும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கார்டுகூட வராது. பத்திரிகையை நடத்திய எங்கள் பதிப்பகம் அறிவியல் படங்களைச் சிறுவர் நாவல்களாகவும் வெளியிட்டது. அந்த நாவல்களை எழுதியவர் வேதகிரி. திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வக உதவியாளர். பகலில் ஊசல் குண்டு, மாலையில் விண்கலம். போன தை மாதம் காலமானார். அவருடைய கடைசிப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் கேட்காமல் ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எழுந்து போகாத பிள்ளைகள்

அவர் எழுதிய முதல் புத்தகம், செவ்வாய்க்குப் போய்த் திரும்பும் ஒரு கப்பலைப் பற்றியது. பயணிகள் வழியெல்லாம் ஒரு தொட்டிச் செடியை வளர்க்கிறார்கள். அது பூமிக்கு வந்து இறங்கிய மறுநாள் பூக்கிறது. திரைக்கதை அப்படித்தான் முடிந்தது. வேதகிரி அந்தப் பூவுக்கு நான்கு பக்கம் கொடுத்திருந்தார். ஆனால் இயக்குநர் அந்தக் காட்சியை எடுக்கவே இல்லை. செடி வாடியதோ, நாள் போதவில்லையோ, எங்களுக்குத் தெரியாது.

செங்கல்பட்டில் ஒரு பள்ளி அந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைச் சனிக்கிழமை பகல் காட்சிக்கும் அழைத்துப் போயிருக்கிறது. அப்போதெல்லாம் படம் பெட்டியில் வரும். கப்பல் இறங்கியது, 'வணக்கம்' போட்டார்கள், விளக்கு எரிந்தது. பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. பூவைக் காட்டும்வரை போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆபரேட்டர்தான் அந்தத் துண்டை ஒளித்து வைத்துவிட்டார் என்று இரண்டு பேர் அவர் அறைக்கே ஏறிப் போயிருக்கிறார்கள். புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த எண்ணைப் பார்த்துத் தியேட்டர் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பின்னால் ஒரே கூச்சல்.

"யம்மா, உங்க புக்குல கீற பூ எங்க பெட்டில இல்லமா. நீயே இங்க வந்து பூத்துட்டுப் போ, அடுத்த ஆட்டத்துக்கு ஜனம் வெளில நின்னுகினு கீது!"

முகம் தெரிய வேண்டும்

இதன் பிறகு, புத்தகத்தின் முன்பக்கத்தில் 'படத்தில் மாற்றங்கள் இருக்கலாம்' என்று ஒரு வரி போடலாமா என்று கேட்டேன். "மாத்தினவங்க போடட்டும், எடிட்டரம்மா. நான் எதையும் மாத்தலையே" என்றார். அதிகம் பேசமாட்டார். பேசியதிலிருந்து இறங்கவும் மாட்டார்.

நிலவுப் படம் ஒன்று வந்தது. அதில் கதாநாயகன் நிலவின் மேல் தலைக்கவசம் இல்லாமல் ஓடி வந்து வில்லனை அடிக்கிறான். திரைக்கதையிலேயே அப்படி இருந்தது. வேதகிரி எழுத மறுத்துவிட்டார். "மூணாவது அடிக்கு முன்னாடி மயங்கி விழுவான். என் பசங்க ஆய்வகத்துல வந்து என்னைக் கேப்பாங்க." படக் கம்பெனியின் தயாரிப்பு நிர்வாகி சம்பத் என்பவரோடு நாங்கள் பேசப் போனோம். அப்போது அவர் இளைஞர், எப்போதும் இரண்டு செல்போன். கவசம் இல்லாமல் அங்கே ஏன் மூச்சு விட முடியாது என்பதை வேதகிரி ஒரு கண்ணாடிக் குவளையை மேசைமேல் கவிழ்த்து விளக்கினார். சம்பத் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னதோடு விவகாரம் தீர்ந்தது, எங்கள் பக்கமே தீர்ந்தது.

"ஹெல்மெட் போட்டா ஹீரோ மூஞ்சி தெரியாது சார், அதான் படத்துல எடுத்தோம். புக்குல எதுக்கு மூஞ்சி? நல்லா ரெண்டு ஹெல்மெட்டா போட்டுக்குங்க."

பத்து வினாடி

ஒரு புத்தகத்தில் ராக்கெட் கிளம்பும் இடம். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். நடுவில் விமானி தன் அம்மாவை, தன் தெருவை, படித்த பள்ளியை நினைத்துக்கொள்வான். இரண்டு பக்கம். நான் படித்து உருகிவிட்டேன். அச்சுக்கு அனுப்பும் நாளில் வேதகிரி பள்ளிக்கூடத்து நிறுத்துக் கடிகாரத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். அந்த இரண்டு பக்கத்தையும் என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். மூன்று நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று. பேனாவை எடுத்து, மூன்று வரி மட்டும் விட்டு மீதி எல்லாவற்றையும் அடித்தார்.

எனக்குக் கோபம். கிட்டத்தட்ட இரண்டு பக்கம் வெற்றாகக் கிடக்கும், படம் வரைபவர் ஊருக்குப் போய்விட்டார், நான் எதை வைத்து நிரப்புவேன்? அந்த அம்மா வரியையாவது விட்டு வையுங்கள் என்று கெஞ்சினேன். கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்.

"பத்து வினாடில ரெண்டு பக்கம் யோசிக்கிறவன் ராக்கெட்ல போக மாட்டான், எடிட்டரம்மா. பத்திரிகை ஆபீஸ்ல உக்காந்திருப்பான்."

தண்ணி ஓடும் பக்கம்

வானத்திலிருந்து ஒரு கலம் மாமல்லபுரத்துக்கு நேரே கடலில் விழுகிறது. ஐப்பசி மாதம், வாடைக் காற்று. கலம் மிதந்து மிதந்து கோவளம் பக்கம் கரை ஒதுங்குகிறது. கதாநாயகன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் துரத்துகிறான். எங்களுக்கு அதிகம் விற்ற புத்தகங்களில் அது ஒன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் விடுமுறை வாசிப்பு முகாம் நடத்தப் போயிருந்தோம். பிள்ளைகளுக்கு வேதகிரி அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினார். கொஞ்சம் தள்ளி ஏழுமலை என்பவர் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளும் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி.

"இன்னா சார் இது," என்றார் தலை நிமிராமல். "ஐப்பசில தண்ணி வடக்கால எப்பிடிப் போவும்? வாட அடிச்சா தெக்காலதான இழுக்கும். உன் டப்பா கல்பாக்கத்தாண்ட போயி நிக்கும். உன் ஆளு கோவளத்துல போயி ஆரத் தேடுறான்?" பிள்ளைகள் சிரித்தார்கள். அவருடைய மகள் மட்டும் "நைனா, சும்மா இரு நைனா" என்று வெட்கப்பட்டாள்.

வேதகிரி புத்தகத்தை மூடிவிட்டு அவர் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்தார். எந்த மாதம், எந்தக் காற்று, தண்ணீர் எந்தப் பக்கம், ஒரு காலிப் பீப்பாய் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் எவ்வளவு தூரம் போகும் என்று வெயில் தாழும்வரை கேட்டு எழுதினார். அடுத்த பதிப்பில் கலம் தெற்கே போயிற்று. அதனால் கார் தெற்கே திரும்ப வேண்டியதாயிற்று, ஒரு பெட்ரோல் நிலையம் இடம் மாறியது, ஒரு போலீஸ்காரருக்கு வேறு ஊர் கிடைத்தது. ஒரு வரித் தண்ணீருக்காகப் பத்தொன்பது பக்கம் திரும்ப எழுதினார். புறப்படும்போது ஏழுமலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ராக்கெட்டு எப்பிடிப் போவும்னு நாங்க கேக்க மாட்டோம் சார், உன் இஷ்டத்துக்கு வுடு. தண்ணி எப்பிடி ஓடும்னு மட்டும் எங்கள ஒரு வார்த்த கேட்டுக்கோ."

நடைமேடைக் கடை

இந்தப் புத்தகங்களின் அட்டையில் கதாநாயகனின் முகம் இருக்கும், படத்தின் பெயர் இருக்கும். எழுதியவர் பெயர் உள்ளே, அச்சக முகவரிக்கு மேலே, எறும்பு எழுத்தில் இருக்கும். ஒரு நாள் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் நானும் வேதகிரியும் வண்டிக்கு நின்றோம். நடைமேடைக் கடையில் அவருடைய புத்தகங்கள் ஓர் அடுக்காக இருந்தன. ஒரு பெண்மணி ஒன்றை எடுத்து நாலைந்து பக்கம் நின்றபடியே படித்தார். "நல்லா இருக்கே, இது யாரு எழுதினது?" என்று கடைக்காரரிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வேதகிரி என் பையைப் பிடித்து இழுத்துவிட்டார். கடைக்காரர் அடுக்கை நேராக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"எழுதறதுக்கு இதுல இன்னாமா கீது? யாரும் எழுதல. படத்துலேர்ந்து அப்பிடியே வருது."

கடைசி அத்தியாயம்

இனிச் சொல்லப் போவது துணுக்கு அளவுக்குள் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வந்த திரைக்கதை கடலடியில் வேலை செய்யும் ஓர் இயந்திரத்தைப் பற்றியது. நண்டு வடிவம், பெயரும் நண்டு. கடலடியில் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று உடைந்து தண்ணீர் புகுகிறது. நண்டு தன் கொடுக்குகளால் கதவைத் தூக்கிப் பிடிக்க, உள்ளே இருந்த மூன்று பேர் நீந்தித் தப்பிக்கிறார்கள். அதற்குள் கதவின் எடை முழுவதும் கொடுக்குகளின் மேல் இறங்கிவிடுகிறது. அதனால் இனி நகர முடியாது. மேலே படகில் மேகலா என்ற பத்து வயதுப் பெண் கம்பி வழியாக அதோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மின்கலத்தில் நாற்பது நிமிடம்தான் மிச்சம். நண்டு திரும்பி வரவில்லை. திரைக்கதை அங்கே முடிந்தது.

வேதகிரி அந்த அத்தியாயத்தைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிப் படுக்கையில் எழுதினார். ஆய்வகக் குறிப்பேட்டுத் தாள்களின் பின்பக்கம். இரண்டு தடவை கிழித்துவிட்டு மூன்றாவது தடவை எழுதியதைத்தான் என்னிடம் கொடுத்தார். மேகலா நிமிடங்களை எண்ணுகிறாள். நாற்பதில் பதில் நின்றுவிடுகிறது. மின்கலம் செய்கிறவர்கள் எப்போதும் கொஞ்சம் குறைத்தே சொல்வார்கள் என்று இன்னும் ஒரு நிமிடம் காத்திருக்கிறாள். பிறகு ஒலிவாங்கியைத் தானே அணைக்கிறாள். அவ்வளவுதான். அழுகை என்ற சொல் எங்குமே இல்லை. "இதுல ஒரு சொல் மாத்தறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டு மாத்துங்க, எடிட்டரம்மா. காற்புள்ளி உங்க இஷ்டம்" என்றார். கேட்காமல் மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதிலிருந்து பதினோராம் நாள் போய்விட்டார். இனிக் கேட்பதற்கு ஆள் இல்லை. ஆகவே மாற்றவும் வழியில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து சம்பத் கூப்பிட்டார். படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்களாம், எல்லோரும் முகம் தொங்கி வெளியே வந்தார்களாம். முடிவை மாற்றிவிட்டார்கள். நண்டு மேலே வந்து மேகலாவோடு ஆடுகிறது. புத்தகமும் அப்படி முடிந்தால்தான் படத்தின் பெயரையும் அட்டைப் படத்தையும் தருவார்கள், இல்லையென்றால் புத்தகமே வராது. பதிப்பகம் என்னை மாற்றச் சொல்லிவிட்டது. நான் வேதகிரியின் மனைவி கஸ்தூரியிடம் போய்ச் சொன்னேன். அவர் பள்ளிக்கூட ஆசிரியை. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"அவர் இருந்தா மாத்தியிருப்பாரான்னு என்னைக் கேக்காதீங்க அக்கா. இருந்தா சண்டை போட்டிருப்பார். நீங்களும் போடுங்க."

போட்டேன். மறுநாளே படூரில் இருக்கும் சம்பத்தின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். இப்போது அவருக்குத் தலை நரைத்துவிட்டது, ஒரே ஒரு செல்போன். "எங்க ஆபீஸ் பையன் ஒருத்தன் ரெண்டு பக்கம் எழுதிட்டான் மேடம், நீங்க சிரமப்பட வேணாம்" என்று தாளை நீட்டினார். 'மேகலாவின் கண்ணீர்த் துளி கடலில் கலந்ததும் நண்டு உயிர் பெற்றது' என்று இருந்தது.

"கடல்ல ஏற்கெனவே உப்பு இருக்கு சம்பத். ஒரு சொட்டு கூடினா பேட்டரி ஏறாது."

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்களேன்."

"மாட்டேன். இருக்கறது இருக்கட்டும்."

"புக்கே வராது மேடம். அவர் எழுதின மத்த பதினாலு சாப்டரும் சேந்து போயிடும். அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லவும் முடியாது, எழுந்து வரவும் நான் தயாராக இல்லை. உட்கார்ந்தே இருந்தேன். இரண்டாவது காபியும் வந்தது. சாப்பாட்டு மேசையில் அவருடைய மகள் ஹர்ஷிதா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான்காம் வகுப்பு. சம்பத் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவளும் உங்க சிறுவர் பக்கம் படிக்கிறவதான் மேடம். படம் இன்னும் பாக்கல. ரெண்டு முடிவையும் குடுங்க, இவ எதை எடுக்கறாளோ அதை அச்சடிக்கலாம். எங்க ஆபீஸ்ல நான் பேசிக்கறேன். ஆனா அப்புறம் நானும் பேச மாட்டேன், நீங்களும் பேசக் கூடாது."

திறந்திருந்த ஒரே கதவு அது. ஒப்புக்கொண்டேன். ஒரே எழுத்துரு, ஒரே பக்க அளவு, இரண்டிலும் பெயர் கிடையாது, படிக்கும்போது யாரும் பேசக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். நண்டு திரும்பி வருகிற முடிவை நானே எழுதுவதாகவும் சொன்னேன். அந்தக் கண்ணீர்த் துளியை வேதகிரிக்கு எதிரே வைத்தால் அது போட்டி ஆகாது. விடையைக் காட்டிவிட்டு விடுகதை போடுகிற மாதிரிதான். பிள்ளைகளிடம் அப்படிச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

நான்கு நாள் எழுதினேன். நண்டு வர வேண்டும் என்றால் அதற்குக் காரணம் வேண்டும். தப்பித்த மூன்று பேரும் மேலே வந்து, காற்று உருளையை மாற்றிக்கொண்டு, ஜாக்கியும் கயிறுமாக மறுபடி இறங்குகிறார்கள். கதவை விரல் அளவு தூக்குகிறார்கள். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் கயிறு இறுகுகிறது. இரண்டு இடத்தில் வேண்டுமென்றே மந்தமான ஒரு வாக்கியத்தை விட்டு வைத்தேன். அடுத்த நாள் காலை இரண்டையும் எடுத்துவிட்டேன். கஸ்தூரிக்குப் போன் செய்து நடப்பதைச் சொன்னேன். "சரியா எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

மற்ற பதினாலு அத்தியாயத்தையும் ஹர்ஷிதா முன்பே படித்து முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு இரண்டு முடிவுகளையும் படிக்க உட்கார்ந்தாள். சம்பத் தொலைக்காட்சியை அணைத்தார். கீழே குழந்தைகள் சைக்கிள் விடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் முதல் தாள்கட்டை முடித்து, இரண்டாவதை முடித்து, மறுபடி முதல் கட்டுக்குப் போனாள். நடுவில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆன்ட்டி, ரெண்டுலயும் மேகலா ஒரே பொண்ணுதானா?"

"ஒரே பொண்ணுதான்மா."

தலையை ஆட்டிவிட்டு இரண்டையும் இன்னொரு தடவை படித்தாள். பிறகு நண்டு திரும்பி வருகிற கட்டை, அதாவது நான் எழுதியதை, அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டாள்.